தண்ணீர் வராத ஓஸும் வேலை செய்யாத லேப்டாப்பும்

கோத்தகிரியைச் சுற்றியிருக்கும் லயன் வீடுகள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், சிலவற்றுக்கு இன்றும் ஓஸில்தான் தண்ணீர். மேலே சோலைக்குள் ஓர் ஊற்று இருக்கும். அங்கிருந்து கறுப்பு ஓஸ் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வந்து வாசல் டிரம்மில் முடியும். திடீரென்று தண்ணீர் நின்றுவிட்டால் யாரும் டிரம்மை மாற்றுவதில்லை. ஓஸைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். பாதி வழியில் ஒரு ஜாயின்ட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். அங்கே தண்ணீர் பீய்ச்சி அடித்தால் மேல்பாதி சரி, அடைப்பு கீழே. சொட்டுகூட வராவிட்டால் இன்னும் ஏற வேண்டும். காட்டெருமை மிதித்து எங்காவது பிடுங்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஊற்று வாயில் சருகு அடைத்திருக்கும்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் லேப்டாப்பில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போனால் செய்ய வேண்டியதும் இதேதான். பாதியில் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கட்டளைகளின் பெயர்தான், அவை தானாகப் பழகிவிடும். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யப் பயப்படுகிறவர்களுக்காகவும்தான்.

நம் ஊர் வீடுகளுக்கு லினக்ஸ் அந்நியமான பொருள் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அந்தப் பக்கம் போகாமலே விட்டார்கள். இப்போது அதே வீட்டுத் தங்கை தம்பிகள் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி, அதில் உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுப் படிக்கிறார்கள். பழைய மெஷினுக்கு அது பொருத்தமும்கூட.

என் ஜெராக்ஸ் கடைக்குப் போன மார்கழியில் வந்த பெண்ணும் அப்படித்தான். மேல் லயனில் வீடு, கல்லூரியில் கடைசி வருடம். லேப்டாப்பைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, காலையில வைஃபையே இல்லக்கா. மத்தியானம் பார்த்தா தானா வந்துருது. ராத்திரி மறுபடி காணோம்."

வேறொரு கடையில் காட்டியிருக்கிறாள். "லினக்ஸ் போட்டா இப்படித்தான், டிரைவர் செட் ஆகாது. எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுத் தரேன்" என்றார்களாம். கடைசி வருட புராஜெக்ட் முழுவதும் அந்த மெஷினுக்குள் இருக்கிறது. சொல்லும்போதே அவள் குரல் கம்மியது.

எனக்கு இந்த இடத்தில் கோபமே வரும். அவளிடம் யாரும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: வைஃபை எந்த இடத்தில் காணாமல் போகிறது? கேட்காமலே அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு, வைஃபை எந்தெந்த இடங்களைத் தாண்டித் திரைக்கு வருகிறது என்று தெரிய வேண்டும். முதலில் கார்டு. அது போர்டில் சரியாக உட்கார்ந்து, அதற்கு மின்சாரம் போக வேண்டும். இது ஊற்று. அடுத்தது, கார்டிலிருந்து பிராசஸருக்கு வரும் பாதை. பிசிஐ என்றும் யுஎஸ்பி என்றும் சொல்கிறோமே, அதுதான். இந்தப் பாதை வழியாகத்தான் கார்டு தன் அடையாள எண்ணைச் சொல்லும். மூன்றாவதாக லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. அது அந்த எண்ணைப் பார்த்து, அதற்குரிய டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தோடு பேசும் மென்பொருளை, ஏற்றும். சில கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. கார்டுக்கு உள்ளேயே ஓட வேண்டிய ஒரு சின்ன நிரலையும் சேர்த்து அனுப்ப வேண்டும், அதன் பெயர் ஃபர்ம்வேர். நான்காவது, பின்னணியில் ஓடும் சேவை. வைஃபை என்றால் நெட்வொர்க்மேனேஜர், ஒலி என்றால் பெரும்பாலும் பைப்வயர். இத்தனையும் தாண்டித்தான் திரையின் ஓரத்தில் நாம் அழுத்துகிற அந்தச் சின்னப் படம் வருகிறது.

நாம் பார்ப்பது கடைசியில் இருக்கும் படத்தை மட்டும். அதனால் கோளாறும் அதன் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து, செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். கழற்ற வேண்டிய நடு ஜாயின்ட் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருக்கிறது. அங்கே பார்த்தால் பிரச்சினை பொருளிலா (ஹார்ட்வேரிலா) மென்பொருளிலா என்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஜாயின்ட்டைத் திறக்கும் கட்டளை எல்எஸ்பிசிஐ. கட்டளைகளை நான் இங்கே ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். தட்டும்போது அதே எழுத்துகளைச் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். ஜர்னல், ஸ்மார்ட் என்று முழு ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதுவதுபோலவே தட்டுங்கள். டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் அதை ஒட்டி என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். இது எதையும் மாற்றாது, அழிக்காது. இருப்பதைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். யுஎஸ்பியில் மாட்டியிருப்பவற்றைப் பார்க்க எல்எஸ்யுஎஸ்பி. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் கேமராவும் புளூடூத்தும்கூடப் பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பியில்தான் இணைந்திருக்கும். அவற்றை இந்தப் பட்டியலில் தேட வேண்டும்.

திரை நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற சொல் வரும் வரியை மட்டும் தேடுங்கள். அந்த வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள், நடுவில் முக்காற்புள்ளியோடு இருக்கும். முதல் எண் தயாரித்த நிறுவனத்துக்கு, இரண்டாவது அந்தக் கார்டுக்கு. இன்டெல் கார்டு என்றால் முதல் எண் 8086. 1978-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட பிராசஸரின் பெயரும் 8086தான். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உதவி தேடும்போது லேப்டாப்பின் மாடல் பெயரைவிட இவைதான் உதவும். ஒரே மாடலில் வெவ்வேறு கார்டு போட்டு விற்பது சாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கார்டும் இருந்து, இந்த வரியும் இருந்தால், பொருளும் டிரைவரும் கைகோத்துவிட்டன. பிரச்சினை ஃபர்ம்வேரிலோ, சேவையிலோ, செட்டிங்ஸிலோ இருக்கிறது. கார்டு இருந்து இந்த வரி இல்லையென்றால் டிரைவர் வரவில்லை. கார்டே பட்டியலில் இல்லையென்றால் டிரைவரைத் தேடி அலைவது வீண், ஊற்றிலேயே தண்ணீர் இல்லை. ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். சில லேப்டாப்களில் பயாஸில், அதாவது லினக்ஸ் எழுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், ஒரு பாகத்தை அணைத்து வைக்க முடியும். கேமராவை ஒரு பொத்தானை அழுத்தினாலே பட்டியலிலிருந்து மறையச் செய்யும் மாடல்களும் உண்டு. பாகம் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒரு தாளில் கட்டளையை எழுதிக் கொடுத்தேன். "காலையில ஆன் பண்ணதும் ஒருதடவை அடிச்சு போட்டோ எடு. வைஃபை வந்ததும் ஒருதடவை எடு" என்றேன். மறுநாள் இரண்டு போட்டோவையும் காட்டினாள். காலை ஏழு மணிப் படத்தில் நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியே இல்லை. மத்தியானம் லேப்டாப்பை ஒருமுறை அணைத்து ஆன் செய்தபின் எடுத்த படத்தில் கார்டும் இருந்தது, டிரைவர் வரியும் இருந்தது. அதே லினக்ஸ், அதே டிரைவர். மாறியது குளிர் மட்டும்.

கழற்றிப் பார்த்தோம். முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டோம். இந்த வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். வைஃபை கார்டு 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், தீப்பெட்டியைவிடச் சின்னது. ஒரு முனை ஸ்லாட்டுக்குள் சாய்வாகச் செருகப்பட்டு, மறுமுனையை அழுத்தி ஒரு திருகால் பிடிக்க வேண்டும். திருகு இல்லாவிட்டால் அந்த முனை தானாக மேலே எழும்பி நிற்கும். இவளுடைய லேப்டாப்பில் திருகு இல்லை. முன்பு யாரோ திறந்தபோது தொலைத்துவிட்டு, செலோ டேப்பை ஒட்டி அமுக்கியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அது பிடித்திருக்கிறது. ஒரு வாரம் விடாத பனிமூட்டத்தில் பசை ஊறிப்போய், டேப்பின் ஒரு பக்கம் பிரிந்து நின்றது. கார்டின் தங்கப் பல்வரிசையில் மூன்று நான்கு பற்கள் மங்கிப்போயிருந்தன.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பற்களைத் துடைத்தேன். கார்டின் மேல் இருக்கும் இரண்டு ஆன்டெனா ஒயர்களையும் இழுக்காமல், அவற்றின் சின்னக் குமிழை நேராக மேலே தூக்கிக் கழற்றி, அதேபோல நேராக அழுத்தி மாட்டினேன். பழைய போர்டு ஒன்றிலிருந்து 2 மில்லிமீட்டர் திருகு ஒன்று கிடைத்தது. போட்டாயிற்று. புராஜெக்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை.

அடுத்தது, கெர்னல் எழுதிவைக்கும் குறிப்பு. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கணினி கண் விழித்த நொடியிலிருந்து, எந்தப் பாகத்தைப் பார்த்தது, எது பதில் சொல்லவில்லை, எது பாதியில் விழுந்தது என்பதையெல்லாம் கெர்னல் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். அதைப் படிக்கும் கட்டளை டிஎம்இஎஸ்ஜி. சில லினக்ஸ்களில் முன்னால் சூடோ (எஸ்யுடிஓ, நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) சேர்த்துக் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண், கணினி எழுந்ததிலிருந்து கழிந்த நொடிகள். இரண்டாவது நொடியில் விழுந்த வரிக்கும், ஐயாயிரமாவது நொடியில் விழுந்த வரிக்கும் அர்த்தம் வேறு.

புதியவர்கள் செய்யும் தவறு, கோளாறு முடிந்தபின் ஆயிரம் வரிகளைத் திறந்து வைத்து, சிவப்பாக இருப்பதையெல்லாம் பார்த்துப் பதறுவது. நல்ல லேப்டாப்பிலும் சில சிவப்பு வரிகள் இருக்கும். பயாஸ் எழுதியவர்கள் விட்ட சின்னச் சின்னப் பிழைகளைப் பற்றிக் கெர்னல் முணுமுணுப்பது பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்யாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். டிஎம்இஎஸ்ஜி அடித்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் டபிள்யூவும் போட்டால், திரை காத்துக்கொண்டு நிற்கும். இப்போது ஒரு பென் டிரைவைச் செருகுங்கள். கண் முன்னாலேயே வரிகள் விழும்: புதிய யுஎஸ்பி சாதனம் ஒன்று வந்தது, அதன் எண் இது, தயாரித்தவர் இவர், இத்தனை ஜிபி, இந்தப் பெயரில் மாட்டியிருக்கிறேன். நல்ல பென் டிரைவ் எப்படிப் பேசுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், கெட்டது பேசும்போது உடனே தெரியும். 'டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரீட்' என்று தொடங்கி 'எரர் -71' என்று முடியும் வரி வந்தால், சாதனம் பேச முயன்று வார்த்தை குழறியது என்று அர்த்தம். கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஒன்றை முதலில் சந்தேகப்படுங்கள். -110 என்றால் கேட்ட கேள்விக்கு நேரத்துக்குள் பதில் வரவில்லை. முடித்ததும் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

'ஃபர்ம்வேர்', 'ஃபெயில்டு டு லோட்' என்ற சொற்கள் வரும் வரியைக் கண்டால் நிம்மதியடையுங்கள். பாகம் நன்றாக இருக்கிறது, டிரைவரும் இருக்கிறது, அந்தச் சின்ன நிரல் மட்டும்தான் இல்லை. அதற்குரிய பொதியை (பேக்கேஜை) நிறுவினால் போதும். டெபியன் என்ற லினக்ஸ் வகை இதில் முன்பு கண்டிப்பாக இருந்தது; மூல நிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேர்களைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அவற்றையும் சேர்த்தே தருகிறார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வைஃபை வரவில்லை என்று தவிக்கிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம்.

லேப்டாப் திடீரென்று அணைந்துவிட்டதா? மறுபடி எழுந்தபின் டிஎம்இஎஸ்ஜியில் பழைய குறிப்பு இருக்காது. அதற்கு ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையோடு கழித்தல் கே, கழித்தல் பி, கழித்தல் ஒன்று என்று ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுச் சேர்த்தால் போன தடவை ஓடியபோது எழுதியது கிடைக்கும். அதன் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். வெப்பத்தைப் பற்றியோ 'ஹார்ட்வேர் எரர்' என்றோ ஏதாவது இருந்தால் துப்பு அதுதான். ஒன்றுமே இல்லாமல் பாதியில் அறுந்து நின்றால், பெரும்பாலும் மின்சாரம் சட்டென்று போயிருக்கும். பேட்டரியையும் சார்ஜர் பின்னையும் பாருங்கள்.

நடு ஜாயின்ட்டைத் திறக்க இன்னொரு வழியும் உண்டு, இதற்குக் கட்டளையே வேண்டாம். லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் அந்தப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது. அதில் ஒலி நன்றாகக் கேட்டு, உங்கள் லினக்ஸில் கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. அதிலும் கேட்கவில்லையென்றால் பொருளின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. இன்னும் ஊற்றுக்கு நெருக்கமாகப் போக வேண்டுமா, பயாஸ் திரைக்குப் போங்கள். அங்கே லினக்ஸ் இன்னும் எழவே இல்லை. கீபோர்டின் ஒரு சாவி அங்கும் வேலை செய்யாவிட்டால் அது சாவியின் கோளாறுதான். நேற்று அப்டேட் செய்த பிறகுதான் கெட்டது என்றால், கணினி எழும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழையதில் ஓடினால் பாகத்தை மாற்றிக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

வைஃபை கார்டு இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, ஆனாலும் ஆன் ஆகவில்லை என்றால் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' யெஸ் (ஆம்) என்றால் மென்பொருள் அணைத்திருக்கிறது, 'ஹார்ட் பிளாக்டு' யெஸ் என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சோ, விமானப் படம் போட்ட சாவியோ அணைத்திருக்கிறது.

டச்பேட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இது நம் மலை வீடுகளில் அடிக்கடி வருகிறது. அம்புக்குறி தானாகத் துள்ளும், தொடாமலே க்ளிக் ஆகும். எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள். அடுத்த தடவை துள்ளும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். உடனே அடங்கிவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. டச்பேட் விரலில் இருக்கும் மிகச் சிறிய மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்வது. எர்த் இல்லாத சார்ஜரிலிருந்து கசியும் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். உலோக உடல் லேப்டாப்பில் மணிக்கட்டை வைக்கும்போது எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் அதுவும் இதே காரணம்தான். பழைய லயன் வீடுகளில் மூன்று பின் ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். இது டச்பேடுக்காக மட்டும் இல்லை, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும்.

பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊட்டி, தலைகுந்தா பக்கம் ஜனவரிக் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில் பையில் வைத்து எடுத்து வந்த லேப்டாப்பை, அடுப்பு எரியும் சூடான அறைக்குள் கொண்டுபோய் உடனே திறக்காதீர்கள். சூடான காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படியும், கண்ணாடி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெளியே கண்ணாடியில் படிகிற அதே ஈரம் உள்ளே போர்டிலும் படியும். பையோடு ஒரு மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். நல்ல குளிரில் பேட்டரி 20 சதவீதம் காட்டும்போதே அணைவதும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குள் குளிரில் மின்தடை ஏறிவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின்னும் அணைந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரியின் ஆரோக்கியத்தை அறிய யாரிடமும் போக வேண்டாம், கெர்னலே சொல்லும். பைல் மேனேஜரில் சிஸ் என்ற எஸ்ஒய்எஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் பவர்_சப்ளை, அதற்குள் பேட்0 அல்லது பேட்1. அங்கே எனர்ஜி_ஃபுல்_டிசைன் என்ற கோப்பில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது என்றும், எனர்ஜி_ஃபுல்லில் இப்போது எவ்வளவு தாங்குகிறது என்றும் இருக்கும். நான் போன வாரம் பார்த்த ஒரு மெஷினில் முதலாவது 41440000, இரண்டாவது 18200000. மைக்ரோவாட்-மணி கணக்கு. அதாவது 41.44 வாட்-மணி தாங்கிய பேட்டரி இப்போது 18.2 தாங்குகிறது, 44 சதவீதம். முழு சார்ஜ் என்று திரை 100 காட்டினாலும் பாதிகூட இல்லை. சில லேப்டாப்களில் எனர்ஜிக்குப் பதில் சார்ஜ் என்ற பெயரில் இருக்கும், கணக்கு அதேதான். பேட்டரி உப்பி, டச்பேடையோ மூடியையோ தள்ளிக்கொண்டு வந்தால் எந்தக் கட்டளையும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மாற்றுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்.

இப்போது டிஸ்க். இதில்தான் அவசரப்பட்டால் திரும்பக் கிடைக்காதது போய்விடும். மலையில் காற்று குறைவு, அதனால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்று இங்கே சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம்வரை ஓடும்படி செய்யப்பட்டவை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தைக் குறை சொல்ல வேண்டாம். மலைப்பாதையில் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்குகிற குலுக்கலும், மின்வெட்டும்தான் அதைக் கெடுக்கும்.

கணினி அடிக்கடி சில நொடிகள் உறைந்து நின்று, குறிப்பில் 'ஐ/ஓ எரர்' என்றும் 'செக்டர்' என்றும் வரிகள் வந்தால், உடனே எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். முதலில் நகல், பிறகுதான் மற்றது. டிஸ்க்கைச் சரிசெய்யும் கட்டளையை ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டுவது, மூச்சு வாங்கும் ஆளை மேடு ஏறச் சொல்வது. நகல் கையில் வந்தபின் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற பொதியை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை, முன்னால் சூடோ சேர்த்து, கழித்தல் ஏயோடு, டிஸ்க்கின் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் அட்டவணையில் 5, 197, 198 என்ற மூன்று வரிசை எண்களைத் தேடி, ஒவ்வொன்றின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஐந்தாவது, கெட்டுப்போனதால் ஓரங்கட்டப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, படிக்கவே முடியாதவை. பூஜ்யமாக இருந்தால் நல்லது. ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை ஏறினால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான். 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படலாம். அது பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் கேபிளின் குற்றம், டிஸ்க்கின் குற்றம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூடு அதிகமானால் சென்சார்ஸ் என்ற கட்டளை பாகை பாகையாகக் காட்டும். குறிப்பில் 'த்ராட்டில்டு' என்று இருந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் கம்பளிப் பஞ்சையும் எடுத்தாலே பாதி சரியாகும். மெத்தைமேலும் ரஜாய்மேலும் வைத்து ஓட்டினால் காற்றோட்டம் அடைபட்டுவிடும். திரை கறுப்பாக இருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்கள். காரணமே இல்லாமல் வெவ்வேறு புரோகிராம்கள் விழுந்தால், ரேம் என்ற நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை நம்பக் கூடாது. கணினி உறைந்து கேப்ஸ்லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே விழுந்துவிட்டது என்று அர்த்தம். பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் காரணம் சிக்கக்கூடும்.

இவ்வளவு பார்த்தபின்னும் கடைக்குக் கொடுக்க வேண்டி வரலாம். போர்டில் சால்டரிங் செய்ய வேண்டிய வேலை வீட்டில் செய்யக்கூடியது இல்லை, செய்யவும் கூடாது. ஆனால் கொடுப்பதற்கு முன் குறிப்பை ஒரு கோப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஎம்இஎஸ்ஜி அடித்து, வலப்பக்கம் பார்க்கும் கோணக் குறி போட்டு, ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் போதும், முழுதும் அதற்குள் போய்விடும். எல்எஸ்பிசிஐக்கும் அப்படியே. இரண்டையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கோப்புகளின் நகலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: எப்போது கெடுகிறது, எப்போது சரியாகிறது, பட்டியலில் பாகம் தெரிகிறதா இல்லையா. "லினக்ஸில் வைஃபை வரவில்லை" என்று சொன்னால் அழித்துவிட்டு வேறு போடுவார்கள். "குளிரில் பிசிஐ பட்டியலில் கார்டே வருவதில்லை, சூடானால் வருகிறது" என்று சொன்னால், திருகுளியை எடுப்பார்கள்.